ரோஸ் நிறப் பால்

மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் அமிலம், மூலம் என்று ஒரு பாடம் இருக்கிறது. நீலப் பாசிச்சாயத்தாள் சிவப்பானால் அமிலம். சிவப்புத் தாள் நீலமானால் மூலம். அதற்கு அடியில் ஒரு நீளக் கோடு போட்டு இலக்கம் எழுதியிருக்கிறார்கள். நடுவில் ஏழு. ஏழுக்குக் கீழே தேசிக்காய், புளி, வினாகிரி. ஏழுக்கு மேலே அப்பச்சோடா, சவர்க்காரம், சுண்ணாம்பு. பீ.எச். என்று அதற்குப் பெயராம். பால் ஏழுக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பாடம் எனக்கு வரவில்லை. ஆனால் பால் அந்தக் கோட்டில் ஏழைத் தாண்டி மேலே ஏறினால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். எங்கள் வீட்டில் நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்.

பலாபத்வலவில் பெரிய ரோட்டை விட்டு மேலே ஏறினால் எங்கள் வீடு. அதற்கு முன்பு தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா மரம் தறிக்கப் போய் விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்ட பிறகு தோட்ட வேலை இல்லை. கனமான வேலை எதுவும் செய்ய முடியாது. ஒரு மாடு வாங்கினார்கள். செவலை. எங்கள் வீட்டில் முதலில் சாப்பிட்டது செவலைதான். பிறகுதான் நாங்கள்.

சாயங்காலம் கறப்பது அம்மா. அந்தப் பாலைக் கேனில் ஊற்றி, மூடி, மலையிலிருந்து பீலி வழியாக வருகிற தண்ணீர் விழுகிற தொட்டிக்குள் இறக்கி வைப்பாள். காலையில் கறப்பது அப்பா. இரண்டையும் எடுத்துக்கொண்டு ரோட்டோரத்துப் பால் சென்டருக்குப் போவார். ஸ்கூல் லீவு என்றால் சின்னக் கேனை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். சென்டரில் ஊற்றினால் லொறி வந்து ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும்.

சாயங்காலப் பால் காலை வரை இருக்க வேண்டும். வெயில் காலத்தில் இருக்காது. புளித்துவிடும். புளித்த பாலைச் சென்டரில் எடுக்க மாட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு கைவேலை இருந்தது. கேனில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டுவிடுவது. சோடா புளிப்பைத் தின்றுவிடும். பால் நல்ல பால் மாதிரியே நிற்கும். யார் யார் போடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரையும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு டின்னில் அப்பச்சோடா இருந்தது. அம்மா ஆப்பம் சுடுவதற்கு. பாலில் போடுகிற பேச்சு எங்கள் வீட்டில் வந்ததில்லை. அப்பாவுக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்று அவர் சொன்னதும் இல்லை. அவர் எதையுமே அதிகம் சொல்ல மாட்டார்.

அந்த வருசம் வெயில் கடுமை. டவுனில் பால் எடுக்கிற இடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு ஐயாவை அனுப்பினார்கள். சிங்கள ஆள். நல்ல மனுசன். எங்களோடு தமிழும் பேசுவார். எல்லாரும் அவரைச் சிங்களத்தில் மாத்தயா என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் ஒரு சின்னப் போத்தல். உள்ளே கறுத்த தேத்தண்ணி மாதிரி ஒரு தண்ணீர்.

ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, போத்தலில் இருந்து சொட்டுச் சொட்டாக விட்டார். நல்ல பால் என்றால் மங்கின மண் நிறம் வரும். சோடா போட்டிருந்தால் ரோஸ் நிறம் வரும். அதை அவரே எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார்.

எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒருவருக்கும் ரோஸ் வரவில்லை. வழக்கமாகப் போடுகிறவர்களுக்கும் வரவில்லை. அதற்குக் காரணம் என் மாமா. அம்மாவின் தம்பி. பால் லொறியில் கேன் ஏற்றுகிற வேலை. ஐயா வருகிற செய்தியை முதல் நாளே லொறியில் கேட்டு, போகிற வழியெல்லாம் வீடு வீடாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. மச்சான் போடுற ஆள் இல்லையே, அவருக்கு எதுக்குச் சொல்லணும் என்று நினைத்தாராம்.

அப்பாவின் முறை வந்தது. மாத்தயா குழாயில் பால் ஊற்றினார். சொட்டு விட்டார். பால் மெதுவாக நிறம் மாறியது. பன்னீர் ரோசாப்பூவை அரைத்துக் கலந்த மாதிரி. எனக்கு அது அழகாக இருந்தது. மற்றவர்கள் பாலெல்லாம் மண் நிறம், எங்கள் பால் மட்டும் பூ நிறம் என்று சந்தோசமாகக்கூட இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது நல்ல விசயம் இல்லை என்று தெரிந்தது.

மாத்தயா அப்பாவைப் பார்த்தார். சோடா போட்டாயா என்று கேட்டார். அப்பா இல்லை என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசையில் நின்ற ஒருவர், வருசம் முழுக்கச் சோடா போடுகிறவர், சத்தமாகச் சொன்னார். "ஆப்பம் சுடுறதுக்கு இனி மாவு மட்டும் கரைச்சாப் போதும்ணே. சோடாதான் பால்லயே வந்துருதே."

எல்லாரும் சிரித்தார்கள். நிம்மதியில் வந்த சிரிப்பு. யாராவது ஒருவர் பிடிபட வேண்டும், அந்த ஆள் நாம் இல்லை என்றால் எல்லாருக்கும் நல்லதுதானே.

மாத்தயா அன்றே முடிவு சொல்லவில்லை. நாளைக்கும் வருவேன் என்றார். நாளைக்கும் இதே நிறம் வந்தால் இந்த வீட்டுப் பால் இனி எடுக்க மாட்டோம் என்றார். அன்றைய பாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பால் வாங்க வேறு ஆள் இல்லை. பாதி வீடுகளில் மாடு இருந்தது. மீதி வீடுகளில் பால்மா. சென்டர் எடுக்காவிட்டால் செவலையை விற்க வேண்டும். வாங்க வருகிறவன் கறக்க வாங்குகிறானா, அறுக்க வாங்குகிறானா என்று கேட்டுக்கொண்டு நிற்கிற நிலைமையில் நாங்கள் இல்லை. அது ஒன்பது வயதில் எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பாலைச் சட்டியில் ஊற்றிவிட்டுக் கேனைக் கழுவினார். பிறகு குசினிக்குள் போய்ச் சோடா டின்னை எடுத்தார். திறந்து பார்த்தார். மூடி, கூரை மரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் செருகி வைத்தார். அம்மா அப்போது புல்லுக்குப் போயிருந்தாள்.

அம்மா வந்து விசயத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை. திரும்பி வந்த பாலில் கொஞ்சம் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. எனக்கும் தெரியும், இரண்டு மூன்று நாளாக என் பால் தேத்தண்ணி உப்பாகத்தான் இருந்தது. குடிக்க மாட்டேன் என்று சொன்னதற்கு அப்பா வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் குடி என்றார். அம்மா டின்னைத் தேடினாள். வைத்த இடத்தில் இல்லை. அண்ணாந்தபோது கூரை மரத்தில் டின் தெரிந்தது. பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

அன்று முழுக்க இருவரும் பேசவில்லை. சண்டை இல்லை. சண்டை என்றால் எனக்குத் தெரியும். இது வேறு. அப்பாவுக்கு அம்மா முதலில் சோறு போட்டாள். அப்பா அம்மாவுக்கு வெந்நீர் விளாவி வைத்தார். ஏதோ நோயாளியைப் பார்த்துக்கொள்கிற மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மாமா வந்தார். வரும்போதே தேசிக்காய் கொண்டு வந்திருந்தார். மாமாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி உண்டு. முக்கால்வாசி வழி அவரையே கிடங்கில் கொண்டுபோய் விழுத்திவிடும்.

"யார் போட்டதுன்னு எனக்கு வேணாம்" என்றார். "போட்டது போட்டாச்சு. நாளைக்கு ரோஸ் வரக் கூடாது. அவ்வளவுதான? சோடாவுக்கு எதிரி புளி. பால்ல நாலு சொட்டு தேசிக்கா விட்டா சோடா செத்துரும்."

நாளைக்குத்தான் யாரும் போடப் போவதில்லையே, பிறகு எதற்குத் தேசிக்காய் என்று அம்மாவும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். இருவரும் சரி என்றார்கள்.

காலையில் கறந்து முடிந்ததும் மாமா வந்து நின்றார். சாயங்காலப் பாலையும் காலைப் பாலையும் ஒரே கேனில் ஊற்றச் சொன்னார். நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னும் உப்பு என்றார். தேசிக்காயை வெட்டிச் சொட்டு விட்டார். கலக்கினார். நாக்கில் வைத்தார். இன்னும் கொஞ்சம் என்றார். மறுபடி சொட்டு, மறுபடி நாக்கு. அப்பா போதும் என்றார். மாமா, இன்னும் சோடா சாகல மச்சான் என்று பாதித் தேசிக்காயையும் பிழிந்துவிட்டார்.

பால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு திரிந்தது. கேன் முழுக்கப் பூப்பூவாக. மாமா கரண்டியை விட்டு எடுத்துப் பார்த்தார்.

"சோடா செத்துருச்சு" என்றார்.

மாமாவுக்கு லொறிக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்.

கொண்டு போக ஒரு சொட்டுப் பால் இல்லை. வெறுங்கையோடு போனால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி. போகாமல் இருந்தாலும் அதேதான். அப்பா இடுப்பில் கை வைத்துத் தொழுவத்தில் நின்றார். செவலை அவர் தோளை நக்கியது.

நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா இல்லை. வேறு சேலை கட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். அம்மா சென்டருக்குப் போனதே இல்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் இடுப்பு வலியையும் பார்க்காமல் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா மாத்தயாவுக்கு முன்னால் நின்றாள். சென்டரில் எல்லாரும் இருந்தார்கள். மாட்டுக்கு ஊசி போட வருகிற டொக்டர் அம்மாவும் அன்று வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயது குறைவு. மோட்டார் சைக்கிளில் வருவார். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அம்மா சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

"சோடா போட்டது நான்தாங்க. அவருக்குத் தெரியாது. அவரு பால எடுத்துக்கிட்டு வந்தது மட்டுந்தான். என்னையத் திட்டுங்க, பால நிறுத்திறாதீங்க."

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே முன்னால் போனார்.

"அவ சொல்றத எடுத்துக்காதீங்க மாத்தயா. நான்தான் போட்டேன்."

மாத்தயா போத்தலைக் கீழே வைத்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எவ்வளவு போட்டாய் என்று அப்பாவைக் கேட்டார். ஒரு கரண்டி என்றார் அப்பா. அம்மாவைக் கேட்டார். ஒரு சிட்டிகை என்றாள் அம்மா. எப்போது போட்டாய் என்றார். காலையில் என்றார் அப்பா. ராத்திரி என்றாள் அம்மா.

பிறகுதான் அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"நீங்க போடலியா?"

"நீ போடலியா?"

அவ்வளவுதான் கேட்டுக்கொண்டார்கள். இந்த முறை வரிசையில் நின்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

டொக்டர் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மாடு எங்கே நிற்கிறது என்று கேட்டார். கறக்கும்போது உதைக்கிறதா என்றார். இடது பக்கம் பின்முலையைத் தொட்டால் உதைக்கிறது, ஈக் கடிதான் என்று நினைத்தேன் என்றாள் அம்மா. பால் உப்புக் கரிக்கிறதா என்றார். எல்லாரும் சேர்ந்து ஆமாம் என்றோம்.

மேலே ஏறி வந்தோம். மாத்தயாவும் வந்தார். டொக்டர் அம்மா பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டை எடுத்தார். நான்கு முலையிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு, அட்டையின் நான்கு மூலையில் விட்டார். மூன்று சொட்டு மஞ்சளாகவே இருந்தது. ஒன்று மட்டும் பச்சையாகி, பிறகு நீலம் தட்டியது. இடது பின்முலை. மடியைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் சூடாக இருந்தது.

"இதில ஆரும் ஒண்டும் போடேல்ல" என்றார். "மாடுதான் போட்டிருக்கு."

மடிநோய். நல்ல பால் எப்போதும் புளிப்புப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும் என்றார். மடிக்குள் புண் வந்தால் இரத்தத்தில் இருக்கிற உப்புத் தண்ணீர் பாலுக்குள் கசியும். பால் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்துவிடும். சோடா போட்ட பாலும் இந்தப் பக்கம்தான் நிற்கும். போத்தல் மருந்துக்கு யார் போட்டது என்று தெரியாது. எந்தப் பக்கம் நிற்கிறது என்று மட்டும்தான் தெரியும். நேற்று அந்த ரோஸ் நிறம் வந்திராவிட்டால் இன்னும் கொஞ்ச நாளில் மடி கட்டியாகி, மாடே போயிருக்கும் என்றும் சொன்னார்.

அம்மா செவலையின் முதுகில் கை வைத்தாள். அப்பா தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பு வலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

டொக்டர் அம்மா முலைக் காம்புக்குள் ஒரு குழாய் மருந்தைச் செலுத்தினார். தொடர்ந்து போடச் சொல்லி இன்னும் மருந்து தந்தார். மருந்து முடிந்து, தான் வந்து பார்த்துச் சொல்லும் வரை இந்தப் பாலை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது என்றார். மாத்தயா அப்பாவின் தோளில் தட்டினார். டொக்டர் சொன்ன பிறகு சென்டருக்குக் கொண்டு வா, எடுத்துக்கொள்கிறேன் என்றார். போகும்போது, இதைக் கீழே நிற்கிறவர்களிடம் நான் சொல்கிறேன், நீயும் வந்து கேள் என்றார்.

அப்பா வேண்டாம் என்றார். அம்மா வேணும் என்றாள். எல்லாரும் மறுபடி இறங்கினோம்.

மாத்தயா எல்லாருக்கும் கேட்கச் சிங்களத்திலும் தமிழிலும் சொன்னார். இந்த ஆள் பாலில் எதுவும் போடவில்லை, மாட்டுக்கு நோய் என்றார். இனி முன்கூட்டிச் சொல்லாமல்தான் வருவேன் என்றும் சொன்னார். ஆப்பத்தைப் பற்றிப் பேசியவர் தன்னுடைய கேன் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மாமா லொறிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி மேலே ஏறும்போது வெயில் வந்துவிட்டது. அப்பா முன்னால், அம்மா ஓரடி பின்னால், நான் கடைசியில். கொஞ்ச தூரம் ஏறினோம். பிறகு அம்மா கேட்டாள்.

"அப்ப நான் போட்டிருப்பேன்னுதான் நெனச்சீங்க?"

அப்பா நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"நீ மட்டும் என்னா நெனச்ச?"

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கும் அவருக்கு. இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அந்த ஏற்றத்தில் நடுப்பாதையில் நின்றுகொண்டு இருவரும் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபமாகக்கூட இருந்தது. பொய் சொல்லக் கூடாது என்று ஸ்கூலில் சொல்லித் தந்தார்கள். இவர்கள் இருவரும் ஊருக்கு முன்னால் பொய் சொன்னார்கள். அதுவும் ஒரே பொய்யை. அதோடு, என் புருசன் கள்ளவேலை செய்தான் என்று அம்மா நினைத்திருக்கிறாள். என் பெண்சாதி செய்தாள் என்று அப்பா நினைத்திருக்கிறார். எங்கள் ஊரில் இதைவிடச் சின்ன விசயத்துக்கெல்லாம் சட்டி பறக்கும். இது ரோட்டில் என்பதால் சிரிக்கிறார்கள், வீட்டுக்குப் போனதும் பெரிய சண்டை வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அதனால் நான் மெதுவாக நடந்தேன். சண்டை முடிந்த பிறகு போய்ச் சேரலாம் என்று ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் நான் வரவில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. ஏதோ பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் ஏறிப் போனார்கள்.